குடை பிடித்த பள்ளிக்கூடம்

இந்த வருஷம் பள்ளிக்கூட வேனில் ஆயா வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களே, உங்களுக்குக் கொடுத்த பயிற்சியை நானும் வந்து பார்த்தேன். திரை கட்டிப் படம் காட்டினார்கள். கை கழுவுவது எப்படி என்று காட்டினார்கள். பிள்ளைகளைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்று ஒரு அம்மாள் சிரித்தே காட்டினாள். பிள்ளை பெற்று வளர்த்த பெண்களுக்குச் சிரிக்கச் சொல்லித்தர ஒரு ஆள், அந்த ஆளைக் கூட்டி வர ஒரு கார். கடைசியில், "நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று என்னிடம் மைக்கை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. ரெண்டு வார்த்தையில் அடங்குகிற மாதிரி நான் வேலை செய்யவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

நான் இந்த வேலைக்கு வந்தது நிழலுக்காக. அதற்கு முன்னால் கேளம்பாக்கம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். அங்கே வெயில் தலைக்கு மேலேயிருந்து மட்டும் வராது. உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் ஏறி வரும். கண்ணை மூடினாலும் வெள்ளையாகத்தான் தெரியும். திருப்போரூர் போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பெரிய பள்ளிக்கூடம் கட்டி, வேனில் உட்கார்ந்து வர ஆயா வேண்டும் என்றார்கள். கூரைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலையா என்று ஓடி வந்தேன். பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்களுக்கு விளம்பரம், எனக்கு என்ன லாபம்?

என்னோடு முதலில் வண்டி ஓட்டிய டிரைவர் அதிகம் பேசாத மனுஷன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு சங்கதி சொல்லிக் கொடுத்தார். "பசங்க மூஞ்சியப் பாத்துகினு நிக்காதம்மா. மூஞ்சி பெத்தவ கிட்டயே பொய் சொல்லும். படியில எறங்கற காலைப் பாரு." எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். திரையும் இல்லை, காரும் இல்லை.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தின் பெருமையைக் கேளுங்கள். பெரிய ரோட்டில் ஒரு போர்டு வைத்திருந்தார்கள், 'உங்கள் குழந்தை மீது ஒரு துளி வெயில்கூடப் படாது' என்று. நிஜமாகவே படவில்லை. காலைப் பிரார்த்தனை ஏசி ஹாலில். விளையாட்டுப் பீரியட், கம்பளம் விரித்த இன்னொரு ஹாலில். வேன் நிற்கிற இடத்திலிருந்து வாசல் வரைக்கும் கொஞ்சம் வெட்டவெளி இருந்தது. அதற்குத்தான் நாங்கள். ஆளுக்கு ஒரு பெரிய குடை. பிள்ளைகள் இறங்க இறங்க, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போய் உள்ளே விட வேண்டும். திருப்போரூர் முருகனுக்கு உற்சவத்தன்றைக்குத்தான் குடை. எங்கள் எல்.கே.ஜி.க்குத் தினமும் குடை. குடை பிடிக்கிற எங்கள் தலை மட்டும் வெயிலிலேயே வரும். நிழலுக்காக வேலைக்கு வந்தவள் கதை இப்படி ஆயிற்று.

அது போதாதென்று தாய்மார்கள் கொடுத்தனுப்புகிற கிரீம். வெயில் பட்டால் கறுத்துவிடாமல் இருக்க. ஒவ்வொரு டியூபிலும் பிள்ளையின் பேர் ஒட்டியிருக்கும். "ஆயாம்மா, இன்டர்வெல்ல மறுபடி பூசிவிட்ருங்க, மறந்துடாதீங்க." எதற்கு மறுபடி? உள்ளே டியூப்லைட் வெயில் அடிக்கிறதா? கேட்டால் கோபம் வரும். பூசினோம்.

மூன்றாம் வகுப்பில் யாழினி என்று ஒரு பெண்பிள்ளை. கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு, அம்மா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வேன் படியில் மற்ற பிள்ளைகள் குதிக்கும். இது கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில், வலது காலை வைத்து, இடது காலைப் பக்கத்தில் சேர்த்து, மறுபடி வலது காலை வைத்து இறங்கும். நான் ஷூதான் கடிக்கிறது என்று முடிவு கட்டினேன். அம்மாவிடம் சொன்னேன், புது ஷூ வந்தது. அதே இறக்கம்தான். ஷூக் கம்பெனிக்காரனை வைதேன். இன்னொரு ஷூ வந்தது. அப்போதும் அதே இறக்கம். சரி, ஷூ இல்லை என்று அத்தோடு விட்டேன். வேறு என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் கால் பொய் சொல்லவில்லை என்று தெரியும்.

பி.டி. சாருக்கு அது தெரியவில்லை. கம்பள ஹாலில் ஓடச் சொன்னால் யாழினி பாதியில் உட்கார்ந்துவிடும். "கால் வலிக்குது சார்" என்று சொல்லும். அவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி, "மேடம் ஆக்டிங் ஆரம்பிச்சிட்டாங்கப்பா, எல்லாரும் கை தட்டுங்க" என்பார். தட்டினார்கள். கொஞ்ச நாளில் அதன் பேரே ஆக்டிங் யாழினி ஆகிவிட்டது. வேனில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். இரண்டு பேரை முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு என் காது கேட்கக் கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை வலிக்கிறது என்று சொல்வதையே நிறுத்திவிட்டது. நானாகக் கேட்டாலும், "இல்ல ஆயாம்மா, வலிக்கல" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி இறங்கும். அழுகிற பிள்ளையைப் பற்றிப் பயப்படாதீர்கள். அழுகையை விழுங்கிவிட்டு இறங்குகிற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் வைட்டமின் டி வந்தது. எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம், நிறையப் பேருக்கு அது குறைச்சலாம், வெயில் படாததுதான் காரணமாம். தாய்மார்களின் போனில் எல்லாம் அதே பேச்சு. போர்டு வைத்த பள்ளிக்கூடத்துக்கு உதறல் எடுத்தது. ஒரே வாரத்தில் போர்டை மாற்றினார்கள். 'உங்கள் குழந்தைக்குத் தினமும் சூரிய ஒளி.' பழைய போர்டில் வரைந்திருந்த சிரிக்கிற பிள்ளையே புதுப் போர்டிலும் சிரித்தது. அதற்கு என்ன, எதற்கும் சிரிக்கும்.

முதலில் விழிப்புணர்வு வகுப்பு நடந்தது. எங்கே? ஏசி ஹாலில். படம் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடி, இருட்டில் உட்கார வைத்து வெயிலின் நன்மையைச் சொல்லிக் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் தூங்கிவிட்டன.

பிறகு சன் பீரியட். தினமும் காலையில், சூரியன் சரியாக மேலே வருவதற்குள், பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் மைதானத்தில் நிறுத்த வேண்டும். ஆனால் முழுக்கைச் சட்டை, முட்டி வரைக்கும் சாக்ஸ், தலையில் மஞ்சள் தொப்பி. அதற்கு முன்னால் மறக்காமல் கிரீம். பள்ளிக்கூடம் வெயிலில் நிறுத்து என்றது. தாய்மார்கள் கிரீம் பூசு என்றார்கள். என்னோடு வேலை பார்த்தவள் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

"இன்னாக்கா இது, பூசறதா, வெயில்ல வுடறதா?"

"ரெண்டையும் பண்ணு. அப்பளத்துக்கு மாவு தடவிக் காயப் போடறதில்லயா, அந்த மாதிரி."

"எதுக்குக்கா காயுது?"

"மேல கீறவங்களக் கேளு. நமக்குக் காயப் போடறதுதான் வேலை."

இந்தச் சன் பீரியடை ஊரைக் கூட்டி ஆரம்பிக்க வேண்டும் என்று கரஸ்பாண்டென்ட் மேடத்துக்கு ஆசை. செங்கல்பட்டிலிருந்து ஒரு பிள்ளைகள் டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். மைதானத்தின் ஓரமாகப் பந்தல், அதில் டாக்டருக்கு வெள்ளைத் துண்டு போர்த்திய சோபா. பிள்ளைகளை மைதானத்தில் சூரியன் மாதிரி நிற்க வைப்பார்களாம். நடுவில் வட்டம், சுற்றிலும் கதிர் கதிராக வரிசை. மேலே பறக்கிற கேமரா படம் எடுக்குமாம். யாழினியை ஒரு கதிரின் நுனியில் நிறுத்தினார்கள்.

டாக்டர் வரத் தாமதம். சூரியன் யாருக்காகவும் தாமதிக்காது, ஏறிக்கொண்டே போனது. பிள்ளைகள் அசையக் கூடாது, அசைந்தால் உருவம் கலைந்துவிடும். பி.டி. சார் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீர் கேட்ட பிள்ளைக்கு ஒரு விசில். தொப்பியைச் சொறிந்த பிள்ளைக்கு ஒரு விசில். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாழினியின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். முட்டி நடுங்கியது. பிறகு பிள்ளை பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

"ஏய், எழுந்திரு! கதிர் உடைஞ்சி போச்சி பாரு!"

பெண்களே, அந்த நிமிஷத்தில் எனக்கு உப்பளத்து மேஸ்திரி ஞாபகத்துக்கு வந்தான். அவனிடமும் இப்படி ஒரு விசில் உண்டு. கரையில் ஒரே ஒரு வேலிக்கருவை மரம். அதன் நிழலை நோக்கி ஒருத்தி நகர்ந்தால் ஊதுவான்.

நான் மைதானத்துக்குள் இறங்கினேன். வட்டத்தின் நடுவிலேயே நடந்தேன். சுற்றிப் போனால் நேரமாகும். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பந்தலில் இருந்த ஒரே இருக்கையில், அந்த வெள்ளைத் துண்டுச் சோபாவில் உட்கார வைத்தேன்.

பி.டி. சார் ஓடி வந்தார். "இன்னா ஆயாம்மா பண்றீங்க? அது சீஃப் கெஸ்ட் சீட்டு!"

"அவங்க வரட்டும், எழுப்பறேன்."

"சும்மா ஆக்டிங் பண்ணுது அது. உங்களுக்குத் தெரியாது."

"அப்ப சோக்காப் பண்ணுது சார். ஒரு கப்பு குடுத்து அனுப்புங்க."

அதற்குள் மேடமே வந்துவிட்டார். மேலே கேமரா சுற்றிக்கொண்டிருந்தது, கீழே சூரியனுக்கு ஒரு கதிர் குறைந்திருந்தது. "யாரைக் கேட்டு எடுத்தே? ஃபங்ஷனையே கெடுத்துட்டே. நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்."

"நாளைக்கு வராதத நாளைக்குப் பாத்துக்கலாம் மேடம். இன்னிக்கி இது இங்கதான் குந்திகினு இருக்கும்."

எனக்கு வேறு வருமானம் இல்லை. அது எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். ஆனால் தூக்கின பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்த என் கை வரவில்லை. நான் சோபாவின் முன்னாலேயே நின்றுகொண்டேன்.

நாங்கள் இப்படி நிற்கும்போதே டாக்டரம்மா வந்துவிட்டார். மாலை போட ஒருவர், சந்தனம் கொடுக்க ஒருவர். டாக்டர் சின்ன வயசுக்காரர்தான். மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு, தன் சோபாவில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"என்னம்மா, கால் வலிக்குதா?"

யாழினி பி.டி. சாரைப் பார்த்தது. "வலிக்கல."

டாக்டரம்மாவும் பி.டி. சாரைப் பார்த்தார். அவர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் சொன்னேன், "யாரும் கை தட்ட மாட்டாங்க கண்ணு. சொல்லு."

பிள்ளை அந்தச் சட்டைப்பையை ஒரு தரம் பார்த்தது. பிறகு மெதுவாக, "எப்பவும் வலிக்கும்" என்றது.

டாக்டரம்மா முழங்காலுக்குக் கீழே எலும்பை அழுத்திப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொன்னார். பிள்ளை தன் தொடையிலேயே கையை ஊன்றி ஏறி ஏறி எழுந்தது. "அம்மாவை வரச் சொல்லுங்க, ரத்தம் எடுத்துப் பார்க்கணும்" என்றார். அப்புறம்தான் மைதானத்தைப் பார்த்தார். முழுக்கை, சாக்ஸ், தொப்பி, வெள்ளை வெள்ளையாகக் கிரீம். "இது யாருக்கு வெயில் காட்டறீங்க, துணிக்கா?" என்று கேட்டார். மேடம் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

மைக்கில் டாக்டர் பேசியது எனக்குப் புரிகிற மாதிரி இருந்தது, அதனால் ஞாபகம் இருக்கிறது. விடிகாலை வெயில் இதமாக இருக்கும், ஆனால் அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நாஸ்தா முடிந்து கொஞ்ச நேரம் போனதும் வருகிற வெயிலில், கையும் காலும் தெரிய, பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஓடி விளையாடினால் போதும். சிலை மாதிரி நிற்க வேண்டாம், சுடுகிறது என்றால் நிழலுக்கு வந்துவிட வேண்டும். கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது. முட்டை, மீன் கொடுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகப் பொடி வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு மிஞ்சினால் அதுவும் கெடுதல். இவ்வளவுதான். அடுத்த நாளே பாதித் தாய்மார்கள் மருந்துக் கடையில் நின்றார்கள் என்பது வேறு விஷயம். காது இருக்கிறது, கம்மல் போட.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. டாக்டர் கடைசியில், "ஒரு பிள்ளையின் வலியைக் கவனித்த பள்ளி" என்று மைக்கில் சொல்லிவிட்டார். கவனித்த பள்ளி, கவனித்தவளை எப்படி அனுப்பும்? வருஷக் கடைசியில் விழிப்புணர்வுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். பி.டி. சார் வாங்கினார்.

யாழினிக்கு ரத்தத்தில் வைட்டமின் டி ரொம்பக் கீழே இருந்தது. டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்து, கூடவே வெயிலில் விடச் சொன்னார். மருந்து ஆரம்பித்தார்கள். ஆனால் அடுத்த வாரம் வேன் வந்து நின்றதும் யாழினியின் அம்மா என் கையில் ஒரு புதுக் குடையை விரித்தபடியே கொடுத்தாள், பழையதைவிடப் பெரியது.

"ஆயாம்மா, டாக்டர் சொன்னாங்கன்னு வெயில்ல விட்றாதீங்க. மருந்து குடுக்கறேன் இல்ல, அது போதும்."

"இன்னா பாப்பா, ஒரு கையில மருந்து, ஒரு கையில குடையா? எது ஜெயிக்கும்னு பாக்கறியா?"

அவ்வளவுதான். அதுவரைக்கும் படித்தவர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தவளுக்குக் கோபத்தில் பேச்சு ஊருக்குத் திரும்பிவிட்டது.

"உங்களுக்கு இன்னா தெரியும்? எங்கம்மா உப்பளத்துல வேல செஞ்சவ. ஒடம்பெல்லாம் கருகி, கண்ணு போயி, என் கல்யாணத்துல என் மூஞ்சி தெரியல அவளுக்கு. ஸ்கூல்ல என்னை இன்னா பேரு வெச்சிக் கூப்ட்டாங்க தெரியுமா? என் பொண்ணு மேல வெயிலு படக் கூடாதுன்னுதான் நான் படிச்சதே. அதுக்குத்தான் இந்த ஸ்கூலு, இந்த வூடு, எல்லாம். இப்ப வந்து வெயில்ல வுடுன்றீங்க."

கிரீம் பூசச் சொன்ன தாய்மார்கள் எல்லாரையும் நான் மனசுக்குள் ஏளனம் செய்தவள்தான். இவளைச் செய்ய முடியவில்லை. நானும் நிழல் தேடி ஓடி வந்தவள்தானே. குடையை மடக்காமலே சொன்னேன்.

"நானும் அதே உப்பளந்தான் பாப்பா. கேட்டுக்க. உங்கம்மாவ வெயிலு ஒண்ணும் பண்ல. நெழலுக்கு ஒதுங்க வுடாம ஊதினான் பாரு ஒருத்தன், அவன் பண்ணான். உன் பொண்ணுக்கு எவன் ஊதறான்? அதுக்கு வேணும்னா வெயிலு, போதும்னா நெழலு. அது உங்கம்மாவுக்குக் கெடைக்கல. இதுக்கு நீ சம்பாரிச்சி வெச்சிகீறே. குடுக்க மாட்டேன்றியே."

டிரைவர் ஹாரன் அடித்தார். யாழினி கம்பியைப் பிடித்து ஏறிவிட்டது. நான் ஏறப் போகும்போது அம்மாக்காரி என் கையிலிருந்து குடையை வாங்கி மடக்கினாள். அவ்வளவுதான். கும்பிடவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை. அப்படியெல்லாம் நடக்கும் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், நம்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறாள் என்று பிறகு யாழினியே சொன்னது. அம்மா குடையை விரித்து மணலில் நட்டு, அதன் கீழே உட்கார்ந்திருப்பாளாம். இது அலையோரம் ஓடுமாம், சுட்டால் குடைக்கு வந்து குந்திக்கொள்ளுமாம். சொல்லிவிட்டு வேனிலிருந்து இறங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டுதான். ஆனால் வலது கால் ஒரு படி, இடது கால் அடுத்த படி.

உங்களுக்குக் குடை பிடி என்பார்கள், பிடியுங்கள். மடக்கு என்பார்கள், மடக்குங்கள். கிரீம் பூசு என்றால் பூசுங்கள், அதில் யாருக்கும் உயிர் போகாது. ஆனால் உட்கார வேண்டும் என்கிற பிள்ளையை நிற்க வை என்று எவர் சொன்னாலும் செய்யாதீர்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் வேலை போனால் போகட்டும் என்று இருங்கள். தைரியம் இல்லாதவர்கள் இப்போதே வேறு வேலை பாருங்கள். துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள், அங்கேயும் ஏசிதான்.

நான் வேலையை விட்ட பிறகு போன வருஷம் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். 'சூரிய மண்டபம்' என்று புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை, உள்ளே ஏசி. பிள்ளைகள் குளிரக் குளிர உட்கார்ந்து வெயில் வாங்கலாமாம். டாக்டரம்மா அன்றைக்குக் கண்ணாடியைப் பற்றிச் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. என்னைக் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். நல்லதாகப் போயிற்று. மேடம் பேசிக்கொண்டிருந்தார், நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தில் ஒரு பெண்பிள்ளை, சாக்ஸைச் சுருட்டிக் கணுக்காலுக்கு இறக்கிவிட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வளர்ந்துவிட்டது, ஆனால் அந்தக் காலை எனக்குத் தெரியாதா? பி.டி. சார் வாசலில் நின்று, ஃபங்ஷனுக்கு உள்ளே வரச் சொல்லி விசில் ஊதினார். அது திரும்பிப் பார்த்தது. கையை ஆட்டிவிட்டு இன்னொரு சுற்று ஓடப் போய்விட்டது. அவர் ஊதினார், இன்னும் பலமாக ஊதினார்.

ஊதட்டும்.